பூட்டிய நாட்டின் கேட்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் பழைய பசாருக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. காலையில் பசியாற வருகிற கூட்டம் கலைந்ததும், பத்து மணி வாக்கில் பெரியப்பா அங்கே போய் உட்காருவார். வயது 78. பாதி வாழ்க்கை பால் மரம் சீவியவர்; தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு குலை அறுத்தவர். போன வருஷம் ஒருநாள் கடைத் தொலைக்காட்சியில், வட கொரியப் படைவீரர்கள் ரஷ்யாவுக்காக உக்ரைனை எதிர்த்துக் குர்ஸ்க் பகுதியில் சண்டை போட்ட செய்தி ஓடியது. பெரியப்பா தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏன்டா தம்பி, கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடக்கிற நாடுன்னுதான சொல்லுவீங்க? சாத்துன வீட்டுக்காரன் எப்படிடா அவ்வளவு தூரம் போய்ச் சண்ட போடுறான்?"

அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வட கொரியா பற்றி வழக்கமாக வருகிற செய்திகளில் இந்தக் கேள்விக்கு இடமே இருப்பதில்லை. 'மர்ம தேசம்' என்று தலைப்புப் போட்டு, தலைவரின் தலைமுடி வெட்டைப் பற்றி நாலு வரி எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் அந்த நாட்டுத் தொழிலாளர்கள் நம் சரவாக்கில் நிலக்கரி வெட்டியிருக்கிறார்கள். அதன் ராணுவ வானொலிக் கருவிகளை விற்ற நிறுவனம் ஒன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவில் முகவரி வைத்திருந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் போகிற அதே இடம். கணினி வழியே அடுத்த நாட்டு வங்கிக்குள் புகுந்து பணத்தை எடுத்ததாகவும் அவர்கள் மேல் குற்றச்சாட்டு இருக்கிறது. வெளியே போகத் தெரியாதவர்கள் செய்கிற வேலையா இதெல்லாம்?

யோசித்துப் பார்த்தால், அந்த நாட்டைச் சுற்றி இருப்பதைச் சுவர் என்று சொல்வதைவிட, ஒரே ஒரு கேட்டு உள்ள வேலி என்று சொல்வது பொருத்தம். கேட்டைத் திறப்பவர் ஒருவர். எது உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம், போனவன் சம்பாதித்தது யார் கைக்கு வரும் என்பதெல்லாம் அவர் சொல்படி. உலக நாடுகளின் பேச்சுவார்த்தை, பொருளாதாரத் தடை, வியாபாரம் எல்லாமே அந்தக் கேட்டுக்கு முன்னால்தான் நடக்கின்றன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டாம்.

கொரியா என்ற பெயர் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு முதலில் ஒரு விலையாகத்தான் வந்தது. 1950 ஜூன் 25-ஆம் தேதி வட கொரியப் படைகள் தெற்கே இறங்கின. அமெரிக்காவும் மற்ற நாடுகளும் ரப்பரை வாங்கிக் குவிக்க ஆரம்பித்தன. விலை மளமளவென்று ஏறி, 1951 தொடக்கத்தில் ராத்தல் இரண்டு வெள்ளியைத் தாண்டியது. 'கொரியா சண்டை நேரம்' என்று பழைய ஆட்கள் பேசினால், அது விலை ஏறின காலம் என்று அர்த்தம். அந்த உயர்வில் பெரும்பங்கு முதலாளிகளுக்கும் வரிக்கும் போனது என்பது தனிக் கதை.

அதே நேரத்தில் இங்கே இன்னொரு சண்டை. 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது எங்கள் ஊரில்தான். 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரங்களில் சிதறிக் கிடந்த சுமார் 5 லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களிலும் தள்ளித் தள்ளி இருந்த லயங்களை ஒன்றுசேர்த்து வேலி போட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்பதுதான் நோக்கம்.

பெரியப்பாவுக்கு எட்டு வயது ஆனபோதும் அந்த வேலி அப்படியே இருந்தது. விடியும் முன்னே அவருடைய அம்மா காண்டா வாளியோடு கேட்டுக்குப் போவார். அங்கே காவல்காரர் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார். சோறு இருந்தால் வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அங்கேயே நின்றபடி தின்றுவிட்டுப் போ, இல்லை கொட்டிவிட்டுப் போ. மத்தியானம் ஸ்டோரில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்வரை வெறும் வயிறு. "அம்மா கேட்டுல நின்னு அவசர அவசரமா முழுங்கும். தொண்டையில அடைக்கும். அந்தாளு டார்ச் லைட்ட மூஞ்சியில அடிச்சிக்கிட்டே நிப்பான்" என்று சொல்லும்போது இப்போதும் பெரியப்பாவுக்குக் குரல் மாறும். அத்தனை சோதனைக்கு நடுவிலும் சைக்கிள் பம்புக்குள் அரிசி போட்டுக் கடத்தினார்கள் என்பதையும் அவரே சொல்வார், கொஞ்சம் பெருமையோடு.

அவசரகாலத்துக்கு முன்னால் மட்டும் தோட்டம் திறந்து கிடந்ததா என்ன? கங்காணி தன் ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார். வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் நாள் கணக்கில் அவருக்குத் தலைக்காசு உண்டு. வீடு துரையினுடையது. பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை எல்லாம் வேலிக்குள். வெளியாள் உள்ளே வர அனுமதி வேண்டும். வேலை போனால் வீடும் போகும் என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் சொன்ன இந்த முடிச்சைக் கவனித்துக்கொள்ளுங்கள். சோறு, வீடு, வேலை மூன்றும் ஒரே கையில் இருந்தால் போலீஸ்காரனுக்குப் பாதி வேலை மிச்சம்.

வட கொரியா இந்த முடிச்சை ஒரு நாட்டின் அளவுக்கு இறுக்கிக் கட்டியது. 1945-இல் ஜப்பான் தோற்றதும் கொரியத் தீபகற்பத்தை 38-ஆம் அட்சக்கோட்டில் இரண்டாக்கினார்கள். வடக்கே சோவியத் ஆதரவோடு கிம் இல் சுங். மூன்று வருஷச் சண்டையில் அமெரிக்க விமானங்கள் வடக்கின் நகரங்களைத் தரைமட்டமாக்கின. 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்தம் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. 'எதிரி வாசலில் நிற்கிறான்' என்று ஆட்சி எழுபது வருஷமாகச் சொல்லிவருவதைச் சும்மா கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாததற்கு அதுதான் காரணம்.

மக்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள்: நம்பிக்கைக்கு உரியவர், தடுமாறுபவர், பகைவர். 'சொங்புன்' என்று அதற்குப் பெயர். தாத்தா நிலக்கிழாராக இருந்தாரா, ஜப்பான்காரனுக்கு வேலை பார்த்தாரா, சண்டையில் யார் பக்கம் நின்றார் என்பதை வைத்துப் பேரனின் படிப்பும் வேலையும் குடியிருக்கும் ஊரும் முடிவாகும். தலைநகர் பியோங்யாங்கில் வாழ்வதே ஒரு சலுகை. இருபது நாற்பது வீடுகளுக்கு ஓர் 'இன்மின்பான்'; அதற்கு ஒரு தலைவி. எந்த வீட்டில் விருந்தாளி தங்கினார், யாருக்குத் திடீரென்று காசு புழங்குகிறது என்று கண்காணிப்பது அந்த அம்மாளின் கடமை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். வானொலிப் பெட்டிகள் அரசாங்க அலைவரிசையை மட்டும் பிடிக்கும்படி பூட்டி முத்திரை வைக்கப்படும். இத்தனைக்கும் அடித்தளம் ரேஷன். வேலை செய்யும் இடத்தின் மூலம் கிராம் கணக்கில் தானியம். இந்த வேலைக்கு இவ்வளவு, இந்த வயதுக்கு இவ்வளவு.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். தோட்டத்தைக் காட்டி வட கொரியாவை விளக்கலாமே தவிர, இரண்டும் ஒன்று என்று சொன்னால் அது பொய். தோட்டத்து ஆள் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த தோட்டத்துக்குப் போய்விட முடிந்தது. அங்கே அப்படி ஓடுபவனின் குடும்பம் மூன்று தலைமுறைவரைகூட மாட்டிக்கொள்ளலாம். ஆஸ்திரேலிய முன்னாள் நீதிபதி மைக்கேல் கிர்பி தலைமையில் ஐ.நா. அமைத்த விசாரணை ஆணையம் 2014-இல் தந்த அறிக்கை, 80,000 முதல் 1,20,000 பேர் வரை அரசியல் கைதி முகாம்களில் இருப்பதாகக் கணித்தது. ஆணையத்தை நாட்டுக்குள் விடவில்லை. பெரும்பாலும் தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களை வைத்தே அதை எழுத வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுமானம் 1990-களில் உள்ளிருந்தே உடைந்தது. சோவியத் யூனியன் கலைந்ததும் மலிவு எண்ணெய் நின்றது. எண்ணெய் இல்லாமல் உரத் தொழிற்சாலை ஓடவில்லை, தண்ணீர் இறைக்கும் பம்பு ஓடவில்லை. 1995-இல் பெருவெள்ளம் வேறு. ரேஷன் முதலில் குறைந்தது, அப்புறம் பல ஊர்களில் வரவே இல்லை. 'கடும் பயணம்' என்று ஆட்சி பெயர் வைத்த அந்தப் பஞ்சத்தில் 6 லட்சம் முதல் 10 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கணக்கு. அதற்குக் கூடவும் குறையவும் சொல்பவர்கள் உண்டு. ரேஷனை நம்பி, சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தவர்களுக்குத்தான் அதில் பெரிய அடி.

பிழைக்க வழி கண்டவர்கள் பெண்கள். ஆண்கள் சம்பளமே இல்லாவிட்டாலும் தொழிற்சாலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். கல்யாணமான பெண்களுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. வீட்டிலிருந்த பாத்திரத்தை விற்றார்கள், சோளமாவில் நூடுல்ஸ் செய்து விற்றார்கள், சீன எல்லையிலிருந்து துணி எடுத்து வந்து விற்றார்கள். இப்படி முளைத்த சந்தைகளுக்கு 'ஜாங்மாதாங்' என்று பெயர். அரசு முதலில் விரட்டியது, முடியாமல் 2003 வாக்கில் கூரை போட்டு, இடத்துக்கு வரி வாங்க ஆரம்பித்தது. 2009 நவம்பர் 30-ஆம் தேதி திடீரென்று பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து, நூறுக்கு ஒன்றாகப் புது நோட்டு கொடுத்தது. ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் மாற்ற முடியாது என்று வரம்பும் வைத்தது. சந்தைக்காரிகளின் பத்து வருஷச் சேமிப்பு அந்த வாரத்தோடு போனது. அதற்கு எழுந்த புகைச்சலில் அரசே பின்வாங்கி, வரம்பைத் தளர்த்தி, சந்தைகளைத் திரும்பவும் திறந்துவிட வேண்டியதாயிற்று. வட கொரியாவில் ஒன்றும் மாறவே இல்லை என்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தை நான் எடுத்துக் காட்டுவேன்.

இன்றைக்கு அங்கே கைத்தொலைபேசி வைத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில். 2008-இல் எகிப்தின் ஓராஸ்கோம் நிறுவனம் போய் வலையமைப்பு போட்டது. வெளிநாட்டுக்கு அழைக்க முடியாது. இணையத்துக்குப் பதிலாக நாட்டுக்குள் மட்டும் சுற்றும் ஓர் உள்வலை. நிறுவனத்துக்கு லாபம் வந்தது, ஆனால் அந்த லாபத்தை நாட்டைவிட்டு வெளியே எடுத்துவர முடியவில்லை. உள்ளே போன முதலீட்டுக்கு ஒரு கேட்டு, வெளியே வரும் லாபத்துக்கு இன்னொரு கேட்டு இருக்கும் என்று அந்த எகிப்தியர்கள் நினைத்திருக்கலாம்.

உலகம் என்ன செய்தது என்பதற்கு வருவோம். முதலில் பேரம். 1994 அக்டோபரில் ஜெனீவாவில் அமெரிக்காவும் வட கொரியாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. யோங்பியோன் அணு உலையை வட கொரியா நிறுத்தும். பதிலுக்கு மின்சாரம் எடுக்க இரண்டு மென்னீர் அணு உலைகள், அவை தயாராகும்வரை வருஷத்துக்கு 5 லட்சம் டன் கனரக எண்ணெய். எட்டு வருஷம் அது தட்டுத்தடுமாறி ஓடியது. உலைகள் கட்டி முடிக்கப்படவில்லை, எண்ணெய் தாமதமாக வந்தது, வட கொரியா மறைவாக யுரேனியம் செறிவூட்டும் வழியைத் தேடியது. 2002-இல் உடைந்தது. 2003 ஜனவரியில் அணு ஆயுதப் பரவல் தடுப்பு ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக வட கொரியா அறிவித்தது. 2006 அக்டோபர் 9-ஆம் தேதி முதல் அணுகுண்டுச் சோதனை. 2017 செப்டம்பருக்குள் மொத்தம் ஆறு.

தென் கொரியா இன்னொரு வழியில் போய்ப் பார்த்தது. எல்லைக்கு அப்பால் கேசோங்கில் தொழிற்பேட்டை: தென் கொரிய முதலாளி, வட கொரிய உழைப்பாளி. 2004 முதல் 2016 வரை நடந்தது. உச்சத்தில் 50,000 பேருக்கு மேல் வேலை. சம்பளம் தொழிலாளி கையில் தரப்படவில்லை. டாலராக அரசாங்கத்துக்குப் போனது. அரசு பிடித்தது போக மிச்சம் உள்நாட்டுக் காசாகவும் கூப்பனாகவும் வந்தது. கையில் பணம் கொடுக்க முடியாத முதலாளிகள் ஊக்கத்துக்கு சாக்கோ பை கொடுத்தார்கள். நம் ஊர்க் கடைகளில் பெட்டியில் விற்கிற அதே இனிப்பு. தொழிலாளிகள் அதைத் தின்னாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சந்தையில் விற்றார்கள். மாவும் மார்ஷ்மெல்லோவும் சாக்லெட்டும் சேர்ந்த ஒரு பண்டம், எந்த அமைச்சரும் போக முடியாத ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது தடை. 2006-க்குப் பிறகு ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீர்மானம் போட்டது. முதலில் ஆயுதமும் ஆடம்பரப் பொருளும். 2017-இல்தான் உண்மையான இறுக்கம்: நிலக்கரி, இரும்பு, கடல் உணவு, துணி ஏற்றுமதிக்குத் தடை, சுத்திகரித்த எண்ணெய் வருஷத்துக்கு 5 லட்சம் பீப்பாய்தான், வெளிநாட்டிலுள்ள வட கொரியத் தொழிலாளர்களை 2019 முடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

தடை வலித்ததா? வலித்தது. 2019 பிப்ரவரியில் ஹனோயில் டிரம்ப்பிடம் கிம் ஜோங் உன் கேட்டதே 2016, 2017 தடைகளை நீக்கு என்றுதான். அது படியாமல் பேச்சு முறிந்தது. ஆனால் வலி எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். துணி ஏற்றுமதி நின்றால் தையல் ஆலைப் பெண்ணுக்கு வேலை போகும். உலோகப் பொருளுக்குத் தடை என்றால் ஆஸ்பத்திரிக் கருவிக்கும் கிணறு தோண்டும் குழாய்க்கும் உதவி அமைப்புகள் தனித்தனியாக விலக்கு வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கேட்டைப் பிடித்திருப்பவரோ வேறு வழி தேடிக்கொள்வார். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கிக் கணக்கிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் களவு போனது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற மின்னாணயச் சந்தையிலிருந்து சுமார் 150 கோடி டாலர். இரண்டுக்கும் வட கொரியாவே பொறுப்பு என்கிறது அமெரிக்கா. வெளியே இருந்து நாம் போடும் பூட்டும் உள்ளே இருந்து அவர் போடும் பூட்டும் ஒரே கேட்டில்தான் தொங்குகின்றன. நடுவில் நசுங்குவது சந்தைக்காரி. அதற்காகத் தடையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஏவுகணைக்கு உதிரிப்பாகம் விற்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஏவுகணையின் பாகத்தையும் தையல் ஊசியையும் ஒரே பட்டியலில் போடுவது சோம்பேறித்தனம்.

இந்தக் கதையில் மலேசியாவுக்கு இருந்த இடம் நம்மவர்களில் பலருக்கு மறந்துவிட்டது. 1973-இல் தூதரக உறவு தொடங்கியது. 2000 நவம்பரில் அமெரிக்காவும் வட கொரியாவும் ஏவுகணை பற்றிப் பேசியது கோலாலம்பூரில். 2002-இல் ஜப்பானும் வட கொரியாவும் பேசியதும் இங்கேதான். 2016 அக்டோபரில்கூட அமெரிக்காவின் முன்னாள் அதிகாரிகள் வட கொரியாவின் துணை வெளியுறவு அமைச்சரை இங்கே சந்தித்தார்கள். இரண்டு நாட்டு மக்களும் விசா இல்லாமல் போய்வரலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அதை உலகத்தில் வேறு எந்த நாடு கொடுத்திருந்தது என்று விரல்விட்டு எண்ணலாம். இங்கிருந்து செம்பனை எண்ணெய் போனது. சுமார் ஆயிரம் வட கொரியர்கள் இங்கே இருந்தார்கள். கோலாலம்பூரில் அவர்கள் அரசின் உணவகம் நடந்தது. 2013-இல் இங்குள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகம் கிம் ஜோங் உன்னுக்குப் பொருளாதாரத்தில் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. பொருளாதாரத்தில்! சரி, அதை விடுவோம்.

சரவாக்கின் ஸ்ரீ அமான் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் 2014-இல் வெடிவிபத்து நடந்தது. இறந்தவர்கள் மூவர்: ஒருவர் வட கொரியர், ஒருவர் மியன்மார்க்காரர், ஒருவர் இந்தோனேசியர். அந்தச் செய்தி வந்த பிறகுதான் இங்கே வட கொரியத் தொழிலாளிகள் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸ் விவகாரம் வெளியானது 2017 தொடக்கத்தில். அதற்கு முந்தைய வருஷம் சீனாவிலிருந்து எரித்திரியாவுக்குப் போன சரக்கில் 45 பெட்டி ராணுவ வானொலிக் கருவிகள் பிடிபட்டிருந்தன. பெட்டியின் மேலிருந்த பெயர் குளோகாம். அதன் முகவரியைத் தேடிப்போன செய்தியாளர்கள் லிட்டில் இந்தியாவின் ஒரு பழைய கட்டடத்தில், இரண்டாம் மாடியில், பெயர்ப்பலகை இல்லாத கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். அது வட கொரிய உளவுத்துறை நடத்திய நிறுவனம் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. கீழே தெருவில் பூக்கடையும் கேசட் பாட்டும் இருக்க, மேலே அது.

பிறகு 2017 பிப்ரவரி 13. கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், மக்காவ் போக நின்றிருந்த ஒருவரின் முகத்தில் இரண்டு பெண்கள் எதையோ பூசிவிட்டு ஓடினார்கள். அவருடைய கடப்பிதழில் பெயர் கிம் சோல். உண்மையில் அவர் கிம் ஜோங் உன்னுக்கு அப்பா ஒன்றாகவும் அம்மா வேறாகவும் அமைந்த அண்ணன் கிம் ஜோங் நாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போனது. பூசியது வி.எக்ஸ். என்ற நரம்பு நஞ்சு, போர்களில்கூடத் தடைசெய்யப்பட்டது. தொலைக்காட்சிக் குறும்பு நிகழ்ச்சி என்று நம்பித்தான் செய்தோம் என்றார்கள் இந்தோனேசியப் பெண்ணும் வியட்நாம் பெண்ணும். ஷா ஆலாமில் வழக்கு நடந்து 2019-இல் இருவரும் வீடு திரும்பினார்கள். வட கொரியச் சந்தேக நபர்கள் நால்வர் அன்றைக்கே விமானம் ஏறிவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது, அந்தக் கேட்டு எப்படி வேலை செய்யும் என்பதற்கு நல்ல பாடம். மலேசியா விசா சலுகையை ரத்துசெய்தது, தூதரை வெளியேற்றியது. மறுநாளே பியோங்யாங் தன் மண்ணிலிருந்த மலேசியர்கள் யாரும் வெளியே போகக்கூடாது என்று அறிவித்தது. மலேசியாவும் அதே தடையைப் போட்டது. ஐ.நா. உணவுத் திட்டத்தில் வேலை செய்த இருவரை விட்டார்கள். மிச்சம் ஒன்பது பேர், தூதரக ஊழியர்களும் குடும்பத்தாரும், மாட்டிக்கொண்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் இழுபறி. மார்ச் 30-ஆம் தேதி உடன்பாடு: கிம் ஜோங் நாமின் உடலும், தூதரகத்துக்குள் பதுங்கியிருந்த வட கொரியர்களும் பியோங்யாங்குக்கு, ஒன்பது பேர் கோலாலம்பூருக்கு. மலேசியா ஏமாந்தது என்று அப்போது காப்பிக்கடைகளில் பேசாதவர்கள் இல்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே குழந்தை குட்டியோடு இருந்தவர்களைக் கொண்டுவர வேறு சாவி இருக்கவில்லை. அந்தப் பேரத்தைப் பேசி முடிக்க முடிந்ததே, அதற்கு முன் நாற்பது வருஷம் உறவு இருந்ததால்தான். அதே ஆண்டு ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா வட கொரியாவோடு பந்து விளையாட வேண்டியிருந்தது. பியோங்யாங்குக்குப் போக முடியாமல் இரண்டு ஆட்டமும் தாய்லாந்தின் பூரிராமில் நடந்தன. இரண்டிலும் 4-1 என்று தோற்றோம். அதற்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி டிரம்ப்பும் கிம்மும் சந்தித்தது பக்கத்துச் சிங்கப்பூரில். அதற்குச் சில நாள் முன்பு ஏற்பாடு பேச பியோங்யாங் போய்வந்தவர் சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன். நம்ம ஆள் என்று இங்கே சிலர் மார்தட்டிக்கொண்டார்கள். கூட்டறிக்கையில் ஆழமாக ஒன்றும் இல்லை. கிம் ராத்திரியில் நகரம் சுற்றிப் பார்த்த படங்கள்தான் நினைவில் நிற்கின்றன.

கடைசி முடிச்சு 2021 மார்ச்சில். தடையை மீறி ஆடம்பரப் பொருள் அனுப்பியதாகவும், அதற்கான பணத்தை அமெரிக்க வங்கிகள் வழியே மறைத்து மாற்றியதாகவும் குற்றம்சாட்டப்பட்ட 'முன் சோல் மியோங்' என்ற வட கொரியரை மலேசியா அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. மார்ச் 19-ஆம் தேதி வட கொரியா உறவையே முறித்தது. 48 மணி நேரத்தில் கிளம்பு என்றது மலேசியா. புக்கிட் டாமன்சாராவில் இருந்த தூதரகத்தில் கொடி இறங்கியது.

அதற்குள் கோவிட்டைக் காரணம் காட்டி 2020 ஜனவரியிலேயே வட கொரியா எல்லையை அடைத்திருந்தது. தூதர்களும் உதவி அமைப்புகளின் வெளிநாட்டு ஊழியர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். உள்ளே தென் கொரியத் தொடர் பார்ப்பதற்கும் பரப்புவதற்கும் கடுந்தண்டனை விதிக்கும் சட்டம் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. அப்போதும் வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவோடுதான். 2024 மார்ச் 28-ஆம் தேதி, தடைகள் மீறப்படுவதைக் கண்காணித்து வந்த ஐ.நா. நிபுணர் குழுவின் ஆயுளை நீட்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ போட்டுத் தடுத்தது. பிரிக்பீல்ட்ஸ் மாடிக் கதவைப் பற்றி எழுதிய அதே குழு. அமெரிக்கா, தென் கொரியா, ஜப்பான் உட்பட 11 நாடுகள் சேர்ந்து வேறொரு கண்காணிப்புக் குழு அமைத்தாலும், அதற்கு ஐ.நா. முத்திரை இல்லை. ஜூன் 19-ஆம் தேதி புதின் பியோங்யாங் போய், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார். அக்டோபரில் வட கொரியப் படைகள் ரஷ்யாவுக்குப் போன செய்தி கசிந்தது. 2025 ஏப்ரலில் இரண்டு நாடுகளும் அதை ஒப்புக்கொண்டன.

இவ்வளவையும் இன்னொரு நாள் ஒட்டுக்கடையில் பெரியப்பாவுக்குச் சுருக்கிச் சொன்னேன். வீரர்களுக்குப் பதிலாக எண்ணெய், உணவு, ஆயுதத் தொழில்நுட்பம் என்று ரஷ்யாவிடமிருந்து போகிறதாம் என்றேன். அணுகுண்டு, வீட்டோ எதுவும் அவரைப் பெரிதாக அசைக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"போற பயலுவளுக்குச் சம்பளத்தக் கையில குடுப்பானா?"

"அங்க எப்பவுமே பெரும்பகுதி அரசாங்கத்துக்குத்தான் போகும் பெரியப்பா. கேசோங்கில அப்படித்தான். வெளிநாட்டுல வேல செஞ்சவங்களுக்கும் அப்படித்தான்."

பெரியப்பா கிளாஸின் அடியில் தங்கியிருந்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"அப்ப தலைக்காசு" என்றார்.